வேலியில் ஓர் இடைவெளி

'செத்தவங்க படுத்திருந்த ரூம்ல நான் எப்படித் தூங்குவேன்?'

இதை அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் மகன் சிரிப்பான். அவன் விரல் முட்டியால் சுவரைத் தட்டித் தட்டிக் காதை ஒட்டவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். கட்டட இன்ஜினியர். மனிதர்களைவிடச் சுவர்களிடம்தான் அக்கறையாக நலம் விசாரிப்பான்.

"பழைய வீடுதாம்மா நல்லது. மூணு மழை பார்த்த சுவர். வர வேண்டிய விரிசலெல்லாம் வந்து பூசியாச்சு. புதுசுன்னா இனிமேதான் தன் குணத்தைக் காட்டும்."

"மருமக மாதிரியா?"

"அவ காதுல விழுந்தா எனக்குத்தான் ராத்திரி சாப்பாடு கிடையாது."

ஓய்வு பெற்றவர்களுக்காகவே கட்டிய சிறுசிறு வீடுகள். கடைசி வரிசையில் இருந்த புது வீட்டைக் காலையிலேயே பார்த்துவிட்டார்கள். பெயின்ட் வாசனை, ஸ்விட்சுகளின் மேல் இன்னும் உரிக்காத பிளாஸ்டிக் தாள். அவள் செருப்புச் சத்தம் நாலு சுவரிலும் மோதி அவளிடமே திரும்பி வந்தது. யாருமே இல்லாத வீடு அது. இதுவோ, யாரோ இருந்து முடிந்துபோன வீடு.

இனி இன்னொரு வீடு பார்க்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அதில் வாழப்போகிறோமா, இல்லை காத்துக்கொண்டு உட்காரப்போகிறோமா? வீட்டைப் பற்றி அவளுக்கு இருந்த ஒரே கேள்வி அதுதான். அதை எந்தச் சுவரைத் தட்டிக் கேட்பது?

உள்ளே நுழைந்ததுமே மகன் மேனேஜரிடம் கேட்டிருந்தான். "முன்னாடி இருந்தவங்க ஏன் காலி பண்ணாங்க?"

மேனேஜர் குனிந்து சாவிக்கொத்தைப் பார்த்தார். "அதை ஏன் சார் கேக்கறீங்க... மூணு மாசம் ஆகுது. குழாயெல்லாம் புதுசா மாத்தியிருக்கோம், பாருங்க."

அதற்குமேல் அவர் பேசவில்லை. மகன் அம்மாவின் பக்கம் சாய்ந்து, "வயசானவங்கதானே. இயற்கைதாம்மா," என்று கிசுகிசுத்தான். அப்போது பிடித்ததுதான் அவளுக்கு இந்தத் தூக்கக் கவலை.

சமையலறைக்குப் போனாள். கைக்கெட்டும் உயரத்தில் அலமாரி. ஜன்னலில் நல்ல வெளிச்சம். அடுப்புக்குப் பக்கத்தில் கப் மாட்ட இரண்டு கொக்கிகள். ஒன்று கறுத்துப் பழசாகியிருந்தது. மற்றது பளபளத்தது.

"அவங்க தனியாத்தான் இருந்தாங்களா?"

"தனியாத்தாம்மா வந்தாங்க," என்றார் மேனேஜர்.

பின்கதவைத் திறந்தாள். பக்கத்து வீட்டுக்கு நடுவில் இடுப்பளவு செடி வேலி. அதில் ஓர் இடத்தில் மட்டும் கிளைகள் விலகி, கீழே புல் முளைக்காமல் மண் இறுகிக் கிடந்தது.

"இது என்ன?" என்றான் பின்னாலேயே வந்த மகன்.

"பூனை சார். போய் வரும்."

"இவ்வளவு பெரிய பூனையா?"

மேனேஜருக்கு இருமல் வந்தது.

மகன் பத்திரத்தைச் சமையல் மேடையில் விரித்து, பேனாவை அவளிடம் நீட்டினான்.

"புதுசையே எடுத்துக்கலாமேடா," என்றாள்.

"அம்மா, சுவரு..."

"சுவரோடயா நான் பேசிக்கிட்டு இருக்கப்போறேன்?"

"ஓ, அதுவா விஷயம்?" அவள் கண் படுக்கையறைப் பக்கம் போனதைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. "அந்தம்மா செத்துப்போனதுக்கு வீடு என்னம்மா பண்ணும்?"

"யாருங்க செத்துப்போனது?"

மூவரும் திரும்பினார்கள். திறந்திருந்த பின்கதவுக்கு வெளியே, வேலி இடைவெளியில் ஒரு பெண்மணி நின்றிருந்தாள். எழுபது வயதிருக்கும். கையில் பூவாளி.

"நான்தாங்க இங்க இருந்தேன். புது ஆள் வர்ற வரைக்கும் செடி வாடிடக் கூடாதுன்னு தண்ணி ஊத்த வந்தேன்."

மகன் அவளையும் பூவாளியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏம்மா, காபி ஆறுது!" பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல்.

"இதோ வந்துட்டேங்க!" அவள் முகம் சிவந்தது. "கல்யாணமாகி மூணு மாசம்தான் ஆகுது. ஒரு நிமிஷம்கூட என்னைக் காணாம இருக்க மாட்டார். ஒண்ணு சொல்லணும், வீடு மாத்த எங்களுக்கு வண்டிகூடத் தேவைப்படல!"

சிரித்துக்கொண்டே வேலிக்குள் புகுந்து போய்விட்டாள்.

மேனேஜர் கைகளைப் பிசைந்தார். "மன்னிச்சுக்கங்க சார். இறந்துட்டாங்கன்னு நீங்களா நினைச்சீங்க, நானும் விட்டுட்டேன். செத்த வீடுன்னாகூட வாங்கிடறாங்க சார். கல்யாணமான வீடுன்னு சொன்னா, பிள்ளைங்க அம்மாவைக் கையோட திருப்பிக் கூட்டிக்கிட்டுப் போயிடறாங்க."

மகன் பத்திரத்தை அவசரமாகச் சுருட்டினான். "புது வீடுதாம்மா நல்லா இருக்கு. என்ன காத்தோட்டம்! வா, அதுக்கே கையெழுத்துப் போட்டுடலாம்."

"அது குணத்தைக் காட்டுமேடா?"

"காட்டினா காட்டிட்டுப் போகட்டும்!"

அவள் பளபளத்த கொக்கியை ஒருமுறை பார்த்தாள். அவன் கையிலிருந்த பத்திரத்தை மெல்ல உருவி, மேடையில் நீவி விரித்து, பழைய வீட்டுக்கே கையெழுத்துப் போட்டாள்.

அவன் பெருமூச்சு விட்டான். "சரி, அந்த வேலி ஓட்டையையாவது நாளைக்கே அடைக்கச் சொல்லிடறேன்."

"வேண்டாம்டா," என்றாள் அவள், பேனாவை மூடியபடி. "பூனை போக வர வழி வேணுமில்ல?"