புது வீட்டில் ஒருவன்

வாசல் கதவின் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. உள்ளே, கூடத்துக் கோடியில், முன்பின் பார்த்திராத ஒருவன் கோடாலியால், கீழே படகு நிறுத்தும் அறைக்கு இறங்கும் கதவைக் கொத்திக்கொண்டிருந்தான்.

நாலு கொத்து கொத்தினான். நிறுத்தி, கதவில் காதை வைத்தான். மறுபடியும் வெறி பிடித்தவன் மாதிரி கொத்தினான்.

வெல்டர் மனைவியைப் பின்னால் தள்ளினார். இருபது வருஷம் சொந்த ஊர்க் கப்பல் பட்டறையில் நெருப்போடு மல்லுக்கட்டி, அந்நிய தேசத்தில் கடலைப் பார்த்த மாதிரி வாங்கிய வீடு. அதில் மாமனார், மச்சானோடு நாலு பேருமாக ஒரே ஒரு ராத்திரிதான் படுத்து எழுந்திருந்தார்கள்.

"வேணாங்க. கோடாலி வெச்சிருக்கான். போலீசைக் கூப்பிடுவோம்."

"என்ன பாஷையில கூப்பிடுவே?"

அன்று காலையில்தான் இரண்டு வண்டிகளில் கரையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியிருந்தார்கள். மச்சான் தெற்கே மணல்திட்டுப் பக்கம் போக, இவர்கள் இருவரும் வடக்கே கலங்கரை விளக்கம், மீன்பிடித் துறை, பாறைக் குகை என்று சுற்றினார்கள். கல்யாணமான புதிதில்கூட இப்படிச் சுற்றியதில்லை என்று அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சிரிப்பு வாசலில் கண்ணாடியை மிதித்ததும் நின்றுபோனது.

"கீழே இருக்கிற படகு எஞ்சினுக்குத்தான் வந்திருக்கான்," என்று வெல்டர் பல்லைக் கடித்தார். பழைய சொந்தக்காரர் விட்டுப்போன எஞ்சின் அது. பாறையைக் குடைந்த அந்த அறைக்குச் செங்குத்தான இரும்பு ஏணியில் இறங்க வேண்டும். ஏணிக் கம்பிகள் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தன. நாளைக்கு வெல்டிங் வைக்கலாம் என்று இருந்தார்.

"அந்த அறைக் கதவைப் பூட்டிட்டுத்தானே வந்தீங்க?"

"கிளம்பறப்ப இழுத்துச் சாத்தினேன். சாத்தினா தானாப் பூட்டிக்கும். சாவி என் இடுப்புல இருக்கு."

சுவரோரம் குழாய்த் துண்டு ஒன்று சாய்ந்திருந்தது. வெல்டர் அதை எடுத்துக்கொண்டு ஓசையில்லாமல் நடந்து, அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார்.

கோடாலி எகிறி விழுந்தது. அவன் திரும்பினான். மார்புவரை நனைந்திருந்தான். கையெல்லாம் சிராய்த்து ரத்தம். புரியாத பாஷையில் ஏதோ கத்திக்கொண்டு வெல்டர்மேல் பாய்ந்தான். அவன் கை கழுத்துக்குப் போகவில்லை. நேராக இடுப்புக்குப் போனது.

"பர்ஸைப் பிடுங்கறான்," என்று அவள் அலறினாள்.

வெல்டர் முழங்கையால் அவன் முகத்தில் இடித்தார். மூக்கு உடைந்தது. அப்போதும் அவன் இடுப்பை விடவில்லை. இருவரும் உருண்டார்கள். அவள் பிரிக்காத சாமான் பெட்டியைக் கிழித்து, கையில் சிக்கிய இரும்பு வாணலியால் அவன் பின்மண்டையில் அடித்தாள். கோழி அறுப்பதைக்கூடப் பார்க்கமாட்டாதவள், இரண்டாவது தடவையும் அடித்தாள்.

அவன் குப்புற விழுந்தான். தீர்ந்தது என்று வெல்டர் மூச்சு வாங்கும்போது மெல்லத் தலையைத் தூக்கினான். தப்பி வாசலுக்கு ஓடுவான் என்று பார்த்தால், தவழ்ந்து அந்தக் கதவுக்கே போனான். உள்ளங்கையால் அதைத் தட்டினான்.

"இவ்வளவு வாங்கியும் ஆசை விடல பாரு," என்ற வெல்டர் குழாயை ஓங்கி அவன் முழங்காலில் இறக்கினார். காய்ந்த குச்சி முறிவதுபோல் ஒரு சத்தம். அவன் ஊளையிட்டான்.

எக்ஸ்டென்ஷன் வயரால் கையையும் காலையும் சேர்த்துக் கட்டி, ஜன்னல் கம்பியோடு பிணைத்தார்கள். கட்டிய பிறகும் கத்திக்கொண்டே இருந்தான். ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னான். அவளால் கேட்க முடியவில்லை. துண்டைச் சுருட்டி வாயில் திணித்தாள். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"பாருங்க, அழறான்."

"மாட்டினா எல்லாத் திருடனும்தான் அழுவான்."

அவள் வீடு வாங்கிக் கொடுத்த புரோக்கருக்குப் போன் செய்தாள். நம்ம பாஷை தெரிந்த ஆள் அந்தப் பக்கத்தில் அவர் ஒருத்தர்தான். போலீசை அனுப்புவதாகவும், அதுவரை கட்டை அவிழ்க்க வேண்டாம் என்றும் சொன்னார்.

வெல்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தார். குழாய் மடியில் கிடந்தது. வெளியே கடல் ஏறத் தொடங்கியிருந்தது. கீழே பாறை அறைக்குள் தண்ணீர் வந்து மோதும்போதெல்லாம் தரை லேசாக அதிர்ந்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் அவன் கட்டோடு துள்ளி, தலையைச் சுவரில் மோதிக்கொண்டான்.

"நல்லவேளை, அப்பா என் தம்பியோட வண்டியில ஏறிட்டாரு," என்றாள் அவள், தரையில் இருந்த ரத்தத்தைத் துடைத்தபடி. "இதைப் பார்த்திருந்தா அவருக்கு நெஞ்சே நின்னிருக்கும்."

வாசலில் கார் வந்து நின்றது. மச்சான் மட்டும் உள்ளே வந்தான். உடைந்த கண்ணாடியையும், கட்டுண்டு கிடந்தவனையும் பார்த்துத் திகைத்து நின்றான்.

"பயப்படாதே, திருடன். மாமா பிடிச்சுட்டார்," என்றாள் அக்கா. "அப்பா எங்கே, வண்டியிலயே உக்காந்திருக்காரா? கைபிடிச்சு இறக்கிக் கூட்டிட்டு வா."

மச்சான் அக்காவைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான்.

"அப்பா உங்க வண்டியிலதானேக்கா வந்தாரு?"