இருநூற்றுப் பதினேழாம் கல்

"ஒரு கல்லைக் காணோம். யார் எடுத்தது?"

மின் நிறுவனத்தின் மரபுப் பாதுகாப்பு அதிகாரி கேட்டதும், மேஸ்திரியின் கரண்டி ஒரு நொடி நின்றது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் மறுபடி பூச ஆரம்பித்தது.

அணையை உயர்த்தினால் பழைய கல்பாலம் தண்ணீருக்குள் போய்விடும். அதனால் வெள்ளைப் பெயின்டில் நம்பர் போட்டு, கல் கல்லாகப் பிரித்து, மேட்டில் அப்படியே திரும்பக் கட்டியிருந்தார்கள். பதினோரு மணிக்கு நிறுவனத் தலைவர் வந்து திறக்கப் போகிறார். 'இயற்கையின் காவலர்கள்' என்று பேனர்கூடக் கட்டியாகிவிட்டது, மூலையில் ஒரு பறவை படத்தோடு.

பட்டியலில் முந்நூற்று நாற்பது. பாலத்தில் முந்நூற்று முப்பத்தொன்பது. நடு வளைவுக்குப் பக்கத்தில், தலை உயரத்தில், ஓர் ஓட்டை.

"இருநூத்திப் பதினேழு எங்க மேஸ்திரி?"

"இருக்கு மேடம்."

"எங்க இருக்கு?"

"இருக்க வேண்டிய எடத்துல."

"அங்க வெறும் ஓட்டைதான இருக்கு!"

கலவை குழைத்துக்கொண்டிருந்த மேஸ்திரியின் மனைவி, முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

"என்னம்மா சிரிப்பு? நூத்தியிருபது வருஷத்துக் கல்லு. உங்க வீட்டு வாசப்படிக்கு ஆயிடுச்சா?"

"வாசக்கதவே பாதிதான் இருக்கு மேடம். படிக்கு எங்க போறது?"

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "இது திருட்டு. விழா முடிஞ்சதும் போலீசுக்குப் போன் போடுவேன். இனிமே இந்த நிறுவனத்துல உங்களுக்கு வேலை கிடையாது. வாட்ச்மேன்! சிமெண்ட் வச்சு அந்த ஓட்டையை அடைங்க. போட்டோவுல பல்லு போன வாய் மாதிரி தெரியும்."

வாட்ச்மேன் சட்டியோடு வந்தார். மேஸ்திரி ஓடிப்போய் ஓட்டையை மறைத்து, சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"நகருங்க!"

"மாட்டேன் மேடம். வேலை போனாலும்... ஆ!"

காதைப் பிடித்துக்கொண்டு துள்ளி விலகினார். ஓட்டைக்குள்ளிருந்து மஞ்சள் மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது. மைனா. எல்லோரையும் ஒரு பாட்டம் திட்டிவிட்டு உள்ளே போய்விட்டது.

"நாலு முட்டை இருக்கு மேடம்," என்றார் மேஸ்திரி, காதைத் தேய்த்தபடி. "பழைய பாலத்துலயும் இதே ஓட்டையிலதான் குடியிருந்துச்சு. குஞ்செல்லாம் பறந்தப்புறம்தான் அந்த வளைவைப் பிரிச்சேன்."

"அதான் மூணு வாரம் லேட்டா? முதுகு வலின்னு லீவு கேட்டீங்களே?"

"அந்த முதுகு வலி இதுதான்."

"அப்போ நம்பர்?"

"பாலத்துல இருக்கிறது ஒண்ணு விடாம நம்பர் போடச் சொன்னது நீங்கதானே? இந்த ஓட்டையும் பாலத்துல இருந்ததுதான். அதுக்குத்தான் இருநூத்திப் பதினேழு. நான் நம்பரைச் சொல்லிக்கிட்டே வந்தேன். உங்க கிளார்க் நிமிந்தே பாக்கல, எல்லாத்துக்கும் நேரா கல்லு கல்லுன்னு எழுதிட்டாரு."

"வாயைத் தொறந்து எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

பதில் மனைவியிடமிருந்து வந்தது. "போன வருஷம் ஒரு தவளை இருக்குன்னு சொன்னாரு மேடம். மூணு கமிட்டி வந்து பாத்துச்சு. தவளை எடத்தையே காலி பண்ணிட்டுப் போயிடுச்சு."

அதிகாரி ஓட்டையைப் பார்த்தார். பேனரில் இருந்த பறவையைப் பார்த்தார். கீழே தலைவரின் கார் ஹாரன் அடித்தது.

"மேடம், சிமெண்ட் இறுகுது," என்றார் வாட்ச்மேன்.

"பேனர் கம்பம் ஆடுது பாருங்க. அதுக்குப் போடுங்க."

"காதுல என்ன ரத்தம்னு தலைவர் கேட்டா?" என்றார் மேஸ்திரி.

"முதுகு வலின்னு சொல்லுங்க."

அதிகாரி பட்டியலைப் பிரித்தார். இருநூற்றுப் பதினேழுக்கு நேரே இருந்த 'கல்' என்பதை அடித்துவிட்டு, பொடி எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்:

'உள்ளே ஆள் இருக்கிறது. கமிட்டி தேவையில்லை.'