கேப்டனின் கவனத்திற்கு

கோடை விடுமுறை அப்பாவோடுதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதால், கீர்த்தனா அவர் ஓட்டும் ஏரிச் சுற்றுலாப் படகுக்கு வந்துசேர்ந்தாள். அப்பா ஞானசிகாமணி தனக்குத்தானே கேப்டன் பட்டம் கொடுத்துக்கொண்டவர். அதற்கென்று தைத்த வெள்ளைத் தொப்பியோடுதான் தூங்குவார். பிரிந்து வளர்ந்த மகளிடம் மைக் இல்லாமல் அவருக்குப் பேச வரவில்லை. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இட்லி தயார்." காலியான படகில் இருந்த ஒரே பயணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வெயில் ஏறுவதால் பயணிகள் உள்ளே வந்து அமருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." கரையில் சோளம் சுடுபவர்கள்கூடச் சிரித்தார்கள். 'இந்தாங்க', 'கேளுங்க' என்பதைத் தாண்டி அவள் அவரை எதுவும் சொல்லி அழைக்கவில்லை. ஒரு 'அப்பா'வாவது வருமா என்று கேப்டன் தொப்பிக்கடியில் காத்திருந்தார். விடுமுறை முடிந்தது. துறையில் அம்மா குடையோடு நிற்பது தெரிந்ததும் அவர் அறிவிப்பை எல்லாம் நிறுத்திவிட்டு, தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு படகை ஓட்டினார். கீர்த்தனா மைக்கை எடுத்தாள். "கேப்டனின் கனிவான கவனத்திற்கு." ஏரி முழுக்கக் கேட்டது. "அப்பா, தொப்பிய கழட்டுங்க. மூஞ்சி தெரியல." அவர் கழற்றினார். துறையைத் தொடப்போன படகு, யாரும் கேட்காமலே, இன்னொரு சுற்றுக்குத் திரும்பியது. கரையில் அம்மா குடையை மடக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.