கேட்காமல் தொடக் கூடாது

“செருப்பை இங்கேயே கழட்டணுமா, போட்டுக்கிட்டே வரலாமாம்மா?” என்று வாசற்படியில் நின்று கேட்டாள் மாணவி. படிய வாரிய தலை, தோளில் கல்லூரிப் பை, கழுத்தில் அடையாள அட்டை.

வீட்டுக்காரம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்க வீட்டுல யாரும் கழட்டறதில்ல. ஆனா கேட்டீங்க பாருங்க, அதுவே போதும். படிப்பு உங்களை ஆளையே மாத்திடுச்சு.”

பிறகு, பின்னால் ஏறி வந்த குழந்தைகள் நல அதிகாரியிடம் திரும்பி, போன வாரம் அவருடைய அலுவலகத்திலிருந்து வந்த பெண் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே போய் பிரிட்ஜைத் திறந்து பார்த்ததைச் சொன்னாள். “நான் என்ன யானையையா ஒளிச்சு வெச்சிருக்கேன்?”

அதிகாரி சிரிக்கவில்லை. படியேறும்போதே அவர் மாணவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். இந்த வீட்டில் வளர்ப்புக்கு விடப்பட்டிருக்கும் ஆறு வயதுப் பையன் பெற்றவளிடம் திரும்பிப் போவதா, இங்கேயே நிரந்தரமாக இருந்துவிடுவதா என்பது இன்று அவர் பார்க்கப் போவதை வைத்துத்தான் முடிவாகும். நாமாக எதையும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. அவனாக என்ன செய்கிறான், என்ன சொல்கிறான் என்று மட்டும் பார்க்க வேண்டும்.

“போன தடவை நடந்தது ஞாபகம் இருக்கில்ல?” என்றும் படியிலேயே கேட்டிருந்தார்.

“இருக்கு மேடம்.”

போன தடவை பெற்றவள் வந்திருந்தாள். தலைவிரி கோலமாக ஓடி வந்து, பையனை வாரி மார்போடு இறுக்கி, தன்னோடு வந்துவிடும்படி தெருவே கேட்கக் கதறினாள். மிரண்டு மேசைக்கடியில் போய்ப் புகுந்தவன், அவளை வெளியே கூட்டிப்போன பிறகுதான் தலையை நீட்டினான். குழந்தையை அச்சுறுத்தினாள் என்று பதிவாகிவிட்டது. அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் சந்திப்பே கிடையாது.

மாணவி படிப்பது சமூகப்பணிப் பட்டப்படிப்பு. அடுத்தவர் வீட்டுக்குள் போகிறவள் தன் வழக்கங்களை மூட்டை கட்டி வாசலிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அதில் முதல் பாடம். தாயும் பிள்ளையும் ஒரே பாயில் படுப்பதையும், வளர்ந்த பிள்ளைக்கு வாயில் ஊட்டுவதையும், கேள்வி கேட்டால் தலைகுனிந்து நிற்பதையும் குற்றம் என்று எழுதினால் ஒரு குடும்பம் எப்படிச் சிதறிப்போகும் என்று ஆசிரியை விளக்கினார். மற்றவர்கள் குனிந்து குனிந்து எழுதிக்கொண்டார்கள். அவள் எழுதவில்லை. மறக்கிற பாடமில்லை அது.

கூடத்துத் தரையில் பையன் கட்டைகளை அடுக்கிக் கோட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

“நானும் உக்காரலாமா?”

அவன் யோசித்தான். “அங்க உக்காருங்க. இடிச்சிடக் கூடாது.”

அவன் காட்டிய இடத்தில் உட்கார்ந்தாள். கட்டையைத் தொடலாமா என்று கேட்டாள். பெரிய மனசு பண்ணி ஒரு சிவப்புக் கட்டையைக் கொடுத்தான். ஷூ நாடா அவிழ்ந்திருந்தது, கட்டிவிடட்டுமா என்றாள். தனக்கே கட்டத் தெரியும் என்றான். நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். கன்னத்தில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள், துடைக்கவில்லை.

மூலை நாற்காலியில் அதிகாரியின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

“போன தடவை ஒரு அழுமூஞ்சி ஆன்ட்டி வந்தாங்க,” என்றான் பையன் திடீரென்று. “என்னை நசுக்கிட்டாங்க. அவங்க மறுபடி வருவாங்களா?”

பேனா நின்றது.

மாணவி சிவப்புக் கட்டையைக் கோட்டையின் உச்சியில் பதமாக வைத்தாள். “வந்தாலும் இனிமே அழ மாட்டாங்க.”

“நசுக்கவும் மாட்டாங்களா?”

“உன்னைக் கேக்காம தொடவே மாட்டாங்க.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டையைத் தேடினான்.

நேரம் முடிந்தது என்று அதிகாரி எழுந்தார். பையன் தானாகவே அவளிடம் வந்து, பெரிய மனுஷன் மாதிரி கையை நீட்டினான். அவள் பட்டும் படாமல் குலுக்கினாள்.

“தேங்க்ஸ் ஆபீசர் ஆன்ட்டி,” என்றான். அடுத்த நிமிஷம், “அம்மா, பசிக்குது” என்று ஓடிப் போய் வீட்டுக்காரம்மாளின் கால்களைக் கட்டிக்கொண்டான். அவள் பேச்சு வாக்கிலேயே ஒரு பிஸ்கட்டை உடைத்து அவன் வாயில் ஊட்டினாள். அதிகாரி அதை எழுதவில்லை.

இருவரும் கீழே வாசல் கதவு வரை இறங்கினார்கள். மாணவிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

“இன்னிக்கு நான் ஒரு தப்பும் பண்ணலையே மேடம்?”

அதிகாரி, ஒரு தப்பும் இல்லை என்றார். தன் அலுவலகத்தில் வருஷக்கணக்காக இருப்பவர்களுக்குக்கூட இவ்வளவு பக்குவம் வராது என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.

“ஆனா ஒரு தடவை கூட அவன் உங்களை அம்மான்னு கூப்பிடலையேம்மா.”