சாராயக்கடை வீடு

மகள் இளமதியைப் பெண் பார்க்க வருகிறவர்கள் வழி கேட்டால், ‘மாடி வீடு’ என்றுதான் சொல்ல வேண்டுமென்று ஆதிநாராயணன் தெருவுக்கே சொல்லி வைத்திருந்தார். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா வெங்கடேசன் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டார்.

“சாராயக்கடை ஊடு இதானே?”

ஆதிநாராயணனுக்கு முகம் செத்துப்போனது. இந்தப் பெயரால் ஏற்கெனவே ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது.

“அது வெள்ளைக்காரன் காலத்துக் கதைங்க. பழவேற்காட்டுல சாராயம் விக்கிற லைசென்ஸை ஏலம் வுட்டான். எங்க கொள்ளுத்தாத்தா எடுத்தாரு. இப்ப அந்தத் தொழில்ல யாரும் இல்லீங்க.”

சொல்லும்போதே, சின்ன வயதில் தன் அப்பா வாயால் கேட்டதெல்லாம் அவருக்கு நினைவுக்கு வந்தது. கடைவாசலில் எரிந்த கண்ணாடி விளக்கு, கடலிலிருந்து திரும்பியவர்களின் பாட்டு. அதையெல்லாம் வாய்விட்டுப் பேசி எத்தனை வருஷமாயிற்று!

“ஏலத்துல எதிர்த்துக் கேட்டவரு யாருன்னு தெரியுமா?” என்றார் வெங்கடேசன்.

“தெரியாதுங்க.”

“எங்க கொள்ளுத்தாத்தாதான்! தோத்துட்டு வந்த கோவத்துல, நம்ம வம்சத்துல எவனும் சாராயத்தைத் தொடக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு. கும்மிடிப்பூண்டி கம்பெனில வேலை செய்யற என் பையன் வரைக்கும் ஒருத்தனும் தொட்டதில்ல. எல்லாம் உங்க ஊட்டுப் புண்ணியம்! அதான் தேடிக்கினு வந்தேன்.”

உள்ளே இளமதி சிரிப்பது கேட்டது.

ஆதிநாராயணன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“கடை தொறந்த அன்னிக்கு இன்னா நடந்துச்சு தெரியுமா, சம்பந்தி?”