சாம்பல் நிற வீடுகள்

அவளுடைய வீடு வரைபடத்தில் சாம்பல் நிறத்தில் இருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி குனிந்து பார்த்தாள். ஆல்மா தெரு, முப்பத்தொன்று. சாம்பல்தான்.

மஞ்சள் என்றால் ஆட்கள் குடியிருக்கும் வீடு. சாம்பல் என்றால் வெறும் வீடு. வரைபடத்தின் மூலையில் அப்படித்தான் எழுதியிருந்தது.

முப்பத்தொன்றின் நடு முதுகில் நீலக் கோடு ஏறிப் போயிற்று. லீட்ஸிலிருந்து மான்செஸ்டருக்குப் போடப்போகும் அதிவேக ரயில் பாதை. பள்ளத்தாக்கைச் சுற்றிப் போகும் பச்சைக் கோட்டைவிட இதில் நான்கு நிமிடம் மிச்சம்.

கோதாரி பிடித்த நாலு நிமிடம்!

சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. வெளியே மழை. தேவாலய மண்டபத்தில், எந்தக் கோட்டில் பாதை போடுவது என்று எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பச்சை வழியிலுள்ள பழைய பாலத்தில் வௌவால்கள் குடியிருக்கின்றன என்றார் ஒரு கிழவர். எத்தனை வௌவால் என்றுகூட அவரிடம் கணக்கு இருந்தது.

முந்நூறு வருடக் கல்மதில் ஒன்றும் இடிபடுமாம். அதற்காக ஒரு பெண் அழுதே விட்டார்.

எந்தக் கோடானாலும் சரி, நான் சாவதற்குள் போடுங்கள் என்றான் ஓர் இளைஞன். மண்டபம் சிரித்தது. அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆஸ்பத்திரி வேலைக்குப் போக, நேரத்துக்கு வராத ரயிலுக்காக அவளும் பதினேழு வருடமாகப் பிளாட்பாரத்தில் விறைத்துக்கொண்டு நிற்கிறாள்.

கூட்டத்தை நடத்திய நரைமுடிப் பெண் மைக்கைத் தட்டினார்.

பச்சை வழியில் மூன்று குடும்பங்கள் வீட்டை விட்டு எழும்ப வேண்டும் என்றார். நீல வழியில் ஒருவரும் இல்லை. ஆல்மா தெருவின் அந்தப் பக்கம் முழுக்க வெறும் வீடுகள்.

மண்டபம் பெருமூச்சு விட்டது.

அவள் விரலை வைத்து எண்ணினாள். ஆறு சாம்பல் வீடுகள்.

ஆறும் தமிழ் வீடுகள்.

பக்கத்தில் நின்ற கணவரைத் திரும்பிப் பார்த்தாள். குகதாசன் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

சித்திரை மாதம் ரயில் பாதைக்குக் கணக்கெடுக்க வீட்டுக்கு ஒரு பெண்பிள்ளை வந்தாள். மினுங்கும் மஞ்சள் சட்டை, கையில் படிவம். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டாள். கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே, இங்கே யாரும் குடியில்லை, நான் பைப் பார்க்க வந்தவன் என்று சொல்லி அனுப்பியவர் இவர்தான். கதவைச் சாத்திய கையோடு மற்ற ஐந்து வீடுகளுக்கும் போன் போட்டார்.

"ஒருத்தரும் இல்லையெண்டு சொல்லுங்கோ. ஊரிலை ஆமிக்காரரும் பதிஞ்ச வீடுகளைத்தானே முதல் எடுத்தவங்கள்."

எல்லாரும் அப்படியே சொல்லியிருக்கிறார்கள். பின்னே? அவளுக்கும் அன்றைக்கு அது கெட்டித்தனமாகத்தான் பட்டது.

அவள் கையை உயர்த்தினாள்.

"சும்மா நில்லும்," என்றார் குகதாசன், உதடு அசையாமல்.

அவள் கையை இறக்கவில்லை. மைக் வந்தது. நடுங்கிய ஆங்கிலத்தில் சொன்னாள். முப்பத்தொன்று வெறும் வீடு இல்லை. நாங்கள் இருக்கிறோம். நானும் இவரும்.

கல்மதில் பெண் மூக்கைத் துடைப்பதை நிறுத்தினார்.

நரைமுடிப் பெண் பேனாவை எடுத்தார். கோபமே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"அப்ப மற்ற ஐந்து வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்களா, லவ்?"

இந்த ஊரில் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பக்கத்து வீடான இருபத்தொன்பதில் பிரபாலினியின் தம்பி இருக்கிறான். விசா மறுக்கப்பட்டு இரண்டு வருடம். பகலில் யன்னல் பக்கம்கூட வருவதில்லை. வீடு மஞ்சளானால் கதவைத் தட்டுவார்கள். பெயர் கேட்பார்கள். பிறகு அவனைக் கொண்டுபோவார்கள்.

சாம்பலாகவே விட்டால் ஆறு வீடும் போகும்.

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

நரைமுடிப் பெண் அதைக் கூச்சம் என்று நினைத்துவிட்டார். அருகே வந்து தோளைத் தொட்டார்.

"பெயர் ஒன்றும் வேண்டாம், லவ். சும்மா தலையாட்டினால் போதும்."

தலையாட்டினால் போதும்.

அன்று ஊரில், பள்ளிக்கூட மைதானம். வெயில். ஊர் ஆண்கள் எல்லாரும் வரிசையில். ஜீப்புக்குள் ஒருவன், தலையில் சாக்கு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. ராணுவத்தினர் ஒவ்வொருவராக அவன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சாக்கு சும்மா இருந்தால் வீட்டுக்குப் போகலாம். அவளுடைய அண்ணன் வந்தபோது சாக்கு ஒருமுறை மேலும் கீழும் அசைந்தது.

அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. இன்றுவரை வரவில்லை.

மண்டபம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

குகதாசனும் பார்த்தார்.

தலையை ஆட்டடி, என்று தனக்குத்தானே சொன்னாள். ஆறு வீடும் மிஞ்சும். ஒரு பெடியனுக்காக ஆறு குடும்பம் தெருவில் நிற்பதா?

கழுத்து கேட்கவில்லை.

பலகை மாதிரி நின்றாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. சிமிட்டினால் அதையும் ஆமாம் என்று எடுத்துக்கொள்வார்களோ என்று பயம்.

"சரி, லவ். விளங்குது," என்றார் நரைமுடிப் பெண்.

சுவரிலிருந்த வரைபடத்துக்குப் போனார். பச்சைக் கோட்டின் கீழே மூன்று என்று எழுதியிருந்தது.

நீலக் கோட்டின் கீழே இருந்த சைபரை வெட்டிவிட்டு, ஒன்று என்று எழுதினார்.