மீன்பெட்டியின் குரல்

துறைமுகத்தடி ஒழுங்கையில் காலை வெயில் மீன்பெட்டித் தகரத்தில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. மீன் விற்கும் மேர்வின் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, பின்னால் உள்ள பெட்டிமேல் கட்டிய தீப்பெட்டியளவு கணினிப் பலகையைப் பெற்ற பிள்ளையைப்போல் பார்க்கிறான். தனக்குப் பதிலாக அது கூவவேண்டும் என்று தன் குரலைப் பதிந்து அவனே செய்தது. மூன்று மாதமாக மண் வறுப்பதுபோல் கரகரத்ததே தவிர ஒரு சொல்லும் விளங்கவில்லை. இன்று விடியத்தான் பலகையில் புது ஒலிச்சில்லு ஒன்றைப் பூட்டினான். இன்னும் போட்டுப் பார்க்கவில்லை. பொத்தானை அமத்துகிறான். “பாரை, சூடை, துடிக்கத் துடிக்க மீன்!” கணீரென்று கேட்கிறது. வீட்டு வாசல் படலைகள் திறக்கின்றன. பாக்கியரத்தினம் ரீச்சர் சட்டியோடு வந்து நிற்கிறார். மேர்வினின் நெஞ்சு நிமிர்கிறது. பதிவு செய்த அன்று குசினிக்குள் நின்ற மனைவி றீற்றாவின் குரலும் அதே தெளிவோடு பின்னால் வருகிறது: “இஞ்சாருங்கோ, நேற்றையான் பாரையை முதல் வித்துப்போடுங்கோ!” நிறுத்தும் பொத்தானைத் தேடுகிறான். அப்படியொன்றை அவன் பூட்டவேயில்லை. பலகை முதலிலிருந்து தொடங்குகிறது. துடிக்கத் துடிக்க மீன், பிறகு றீற்றா. மீன், பிறகு றீற்றா. ரீச்சர் சட்டியைக் கவிழ்த்துப் பிடிக்கிறார். “உங்கட குரலைவிட றீற்றான்ர குரல்தான் நல்ல தெளிவு, தம்பி” என்கிறார்.